ஜெர்மன் கிராமத்தில் கார் இல்லாமல்: கூப்பிட்டால் மட்டும் வரும் பஸ்ஸைப் பிடிப்பது எப்படி

பெர்லினிலோ மியூனிக்கிலோ வந்து இறங்குகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை வேண்டாம். நர்ஸ் வேலைக்கோ, தொழிற்பயிற்சிக்கோ, சின்ன ஊர்க் கல்லூரியில் படிக்கவோ வந்து, வாடகை குறைவாக இருக்கிறதே என்று பக்கத்துக் கிராமத்தில் வீடு பிடித்திருக்கிறீர்களா? உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

அந்த மாதிரி ஊர்களில் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக ஒரு பஸ் போகும், மதியம் அவர்களைக் கொண்டுவந்து விடும். மற்ற நேரத்துக்கு டைம்டேபிளில் வண்டி போட்டிருப்பார்கள். நீங்கள் போய் நிற்பீர்கள், வராது. ஏனென்றால் அது 'ரூஃப்புஸ்'. முன்கூட்டியே சொன்னால்தான் வண்டியை எடுப்பார்கள். யாரும் சொல்லவில்லை என்றால் டிரைவர் டிப்போவிலேயே இருப்பார். இதை வீட்டுக்காரரும் சொல்ல மாட்டார், வேலை கொடுத்தவரும் சொல்ல மாட்டார். அவர்கள் எல்லோரிடமும் கார் இருக்கிறது. டிரைவர்களிடமும் ஸ்டாப்பில் நின்ற பாட்டிகளிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாகப் போடுகிறேன்.

"நானும் கார் வாங்கிவிட்டால் போச்சு" என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்திய லைசென்ஸ் இங்கே குடியேறி ஆறு மாதம் வரைதான் செல்லும். அதற்குப் பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டையும் புதிதாக எழுத வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழில் கிடையாது. டிரைவிங் ஸ்கூல் செலவும் நிறைய ஆகும். ஆக, முதல் ஒன்றிரண்டு வருடம் பஸ்தான்.

1. உங்கள் ஊரில் எந்த வகை என்று பாருங்கள்

எல்லாவற்றையும் பொதுவாக ரூஃப்புஸ் என்பார்கள், ஆனால் ஓடும் விதம் ஊருக்கு ஊர் வேறு.

முதல் வகைக்கு நேரமும் ஸ்டாப்பும் டைம்டேபிளில் இருக்கும். யாராவது புக் செய்தால் மட்டும் அந்த டிரிப் ஓடும். வடக்கே லுட்விக்ஸ்லுஸ்ட்-பார்ஷிம் போன்ற மாவட்டங்களில் ரூஃப்புஸ் என்றே பெயர்.

இரண்டாம் வகைக்கு டைம்டேபிளே இல்லை. ஒரு எல்லைக்குள் எங்கிருந்து எங்கே என்று ஆப்பில் போட்டால், உங்களையும் அதே பக்கம் போகும் இன்னும் இரண்டு பேரையும் ஒரே வேனில் ஏற்றிக்கொள்ளும். ஹனோவர் சுற்றுவட்டாரத்தில் ஸ்பிரின்டி, பவேரியாவில் கெல்ஹைம் மாவட்டத்தில் கெக்ஸி, கீம்காவ் பக்கம் ரோஸி என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். இதில் எல்லைதான் முக்கியம். எல்லைக்கு வெளியே அரைக் கிலோமீட்டர் என்றாலும் ஆப் மறுத்துவிடும்.

மூன்றாவது 'அன்ருஃப் சம்மெல் டாக்ஸி', சுருக்கமாக ஏ.எஸ்.டி. ராத்திரியிலும் வார இறுதியிலும்தான் அதிகம் ஓடும். ஸ்டாப்பில் ஏற்றிக்கொண்டு பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடும். அதற்குத் தனியாகக் கூடுதல் கட்டணம் உண்டு.

இந்த மூன்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாதது 'பியூர்கர்புஸ்'. ஊர்க்காரர்களே சம்பளம் வாங்காமல் ஓட்டும் சின்ன பஸ் அது. ஓட்டுபவர் அநேகமாக ரிட்டயர் ஆன தாத்தாவாக இருப்பார், பேச்சுக் கொடுத்தால் ஊர்க்கதை முழுக்கச் சொல்வார். ஆனால் உங்கள் மாத டிக்கெட் பலவற்றில் செல்லாது. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வகை என்று தெரிந்துகொள்ள எளிய வழி, உங்கள் மாவட்டப் போக்குவரத்துக் கூட்டமைப்பின் ஆப் அல்லது ஜெர்மன் ரயில்வேயின் ஆப்பான டிபி நேவிகேட்டரில் உங்கள் ஸ்டாப்பைத் தேடுவதுதான். பஸ் எண்ணுக்குக் கீழே தொலைபேசிப் படம் இருந்தாலோ, 'அன்மெல்டுங்' (முன்பதிவு) என்ற சொல்லோடு ஒரு நம்பர் இருந்தாலோ அது சொன்னால்தான் வரும் வண்டி. கூகுள் மேப்பை இந்த விஷயத்தில் நம்ப வேண்டாம். நேரத்தைக் காட்டும், புக் செய்ய வேண்டும் என்பதைப் பல இடங்களில் காட்டாது.

2. டைம்டேபிளின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள்

புதிதாக வந்தவர்கள் மாட்டிக்கொள்வது அதிகமும் இங்கேதான். நேரத்துக்கு மேலே 'எஸ்' என்று ஒரு எழுத்து இருந்தால் பெரும்பாலும் பள்ளி நாளில் மட்டும் ஓடும் என்று அர்த்தம், 'எஃப்' இருந்தால் விடுமுறையில் மட்டும். எழுத்து மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். அர்த்தம் தாளின் அடியில் இருக்கும்.

பள்ளி விடுமுறை என்றால் கோடையில் மட்டும் ஆறு வாரம். அது போக ஈஸ்டர், இலையுதிர் காலம், கிறிஸ்துமஸ் என்று தனித்தனியாக உண்டு. தேதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நீங்கள் ஜூலையில் வந்து இறங்கி, விடுமுறை டைம்டேபிளைப் பார்த்து "இந்த ஊருக்கு பஸ்ஸே இல்லை" என்று முடிவு கட்டிவிடலாம். இல்லையென்றால் ஜூனில் பஸ்ஸைப் பார்த்து வீட்டை எடுத்துவிட்டு, ஜூலையில் நடுரோட்டில் நிற்கலாம். வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு டைம்டேபிளையும் எடுத்துப் பாருங்கள்.

'வெர்க்டாக்ஸ்' (வேலை நாட்களில்) என்றால் சனிக்கிழமையும் சேர்த்திதான். அரசு விடுமுறை நாளில் ஞாயிற்றுக்கிழமை டைம்டேபிள் ஓடும். கிராமத்தில் ஞாயிறு என்றால் பல ஊர்களில் ஒன்றுமே இல்லை. அக்டோபர் 31 பெர்லின் தவிர மற்ற வடக்கு, கிழக்கு மாநிலங்களில் விடுமுறை, பவேரியாவில் இல்லை. ஆகவே வேறு மாநிலத்தில் இருக்கும் நண்பர் சொல்வதை வைத்துக் கிளம்பாதீர்கள்.

3. கையில் என்னென்ன வேண்டும்

ஒரு ஜெர்மன் மொபைல் நம்பர். ஆப்பில் கணக்குத் தொடங்க எஸ்.எம்.எஸ்ஸில் கோட் வரும். வண்டி தாமதமானாலும் அந்த நம்பருக்குத்தான் தகவல் வரும். பிரீபெய்ட் சிம் வாங்கவே பாஸ்போர்ட்டைக் காட்டி அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும், ஆகவே கடைக்குப் போகும்போது எடுத்துப் போங்கள்.

பணம் கட்ட ஒரு வழி. வங்கிக் கணக்கு திறக்கும் வரை சொந்த ஊர் கிரெடிட் கார்டு சில ஆப்களில் வேலை செய்யும். தொலைபேசியில் புக் செய்து, டிரைவரிடம் ரொக்கமாகக் கொடுக்கும் ஊர்களும் உண்டு. 5, 10 யூரோ நோட்டாக வைத்திருங்கள். 50 யூரோவை நீட்டினால் டிரைவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பாஸ்போர்ட் அல்லது தங்கும் அனுமதி அட்டை. மாத டிக்கெட் உங்கள் பெயரில் இருப்பதால் கேட்டால் போட்டோ அடையாளம் காட்ட வேண்டும்.

பெயர் விஷயத்தையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர் இருக்கும், அல்லது காலியாக இருக்கும். ஆப், டிக்கெட், தொலைபேசிப் பதிவு மூன்றிலும் பாஸ்போர்ட்டில் இருப்பதை ஒரே மாதிரி கொடுங்கள். டிரைவர் கண்ணாடியை இறக்கி "ஹெர் முருகேசன்?" என்று உங்கள் அப்பாவைக் கூப்பிடுவார். நீங்கள்தான் என்று தலையாட்டி ஏறிக்கொள்ளுங்கள்.

4. செலவு

2026 ஜனவரியிலிருந்து டாய்ச்லாண்ட் டிக்கெட் மாதம் 63 யூரோ. நாடு முழுக்க உள்ளூர் பஸ், டிராம், வட்டார ரயில் எல்லாவற்றிலும் செல்லும். ஐ.சி.இ, ஐ.சி போன்ற தொலைதூர ரயில்களில் செல்லாது. மாவட்டப் போக்குவரத்தின் கீழ் ஓடும் ரூஃப்புஸ்களில் பெரும்பாலும் செல்லும். ஆனால் சில மாவட்டங்கள் ஒவ்வொரு பயணத்துக்கும் 'கம்ஃபோர்ட்ஸூஷ்லாக்' என்று ஒன்றிரண்டு யூரோ கூடுதலாக வாங்கும். தினமும் போய்வருகிறவர்களுக்கு அது மாதக் கடைசியில் நல்ல தொகையாகிவிடும், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டுபடியாகுமா என்ற கணக்கு எளிது. உங்கள் ஊரிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு ஒரு வழிக்கு 5 யூரோ என்று வையுங்கள். போய்வர 10. மாதத்தில் ஏழு நாள் போனாலே 63-ஐத் தாண்டிவிடும். அதற்குக் குறைவு என்றால் ஒற்றை டிக்கெட்டே போதும்.

முழு விலை கொடுக்கும் முன் இரண்டு பேரிடம் கேளுங்கள். படிக்கிறவர்கள் கல்லூரியில்: டாய்ச்லாண்ட் செமஸ்டர் டிக்கெட் இருக்கும் கல்லூரிகளில் அது முழு விலையில் 60 சதவீதம்தான், அதாவது மாதத்துக்கு 37.80 யூரோ. வேலைக்குப் போகிறவர்கள் அலுவலகத்தில்: முதலாளி குறைந்தது 25 சதவீதம் ஏற்றுக்கொண்டால் அதற்கு மேல் இன்னும் 5 சதவீதம் தள்ளுபடி சேரும், உங்கள் கையிலிருந்து போவது அதிகபட்சம் 44.10 யூரோ. இதற்கு ஜாப் டிக்கெட் என்று பெயர். அவர்களாக முன்வந்து சொல்ல மாட்டார்கள். ஹெச்.ஆரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

இது சந்தா என்பதை மறக்காதீர்கள். மாதாமாதம் தானாகவே பணம் எடுத்துக்கொள்ளும். நிறுத்த வேண்டும் என்றால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும், 11-ஆம் தேதி ஞாபகம் வந்தால் அடுத்த மாதத்துக்கும் கட்ட வேண்டியதுதான். மாத நடுவில் வாங்கினால் பல இடங்களில் முழு மாதத் தொகையையும் எடுத்துவிடுவார்கள், முடிந்தால் ஒன்றாம் தேதியிலிருந்து தொடங்குங்கள். கணக்கில் பணம் இல்லாமல் திரும்பிப் போனால் டிக்கெட்டை முடக்கிவிடுவார்கள். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ அபராதம்.

5. புக் செய்வது

எவ்வளவு நேரத்துக்கு முன் என்பதுதான் உயிர்நாடி. அரை மணி நேரம் கேட்கும் மாவட்டமும் உண்டு, இரண்டு மணி நேரம் கேட்கும் மாவட்டமும் உண்டு. இந்தக் கெடு வண்டி கிளம்பும் நேரத்திலிருந்து எண்ணப்படும். சில இடங்களில் நீங்கள் ஏறும் ஸ்டாப்பின் நேரம், சில இடங்களில் வண்டி முதல் ஸ்டாப்பை விட்டுக் கிளம்பும் நேரம். சந்தேகம் வேண்டாம் என்றால் முந்தைய நாளே புக் செய்துவிடுங்கள். அதிகாலை வண்டிக்கு எப்படியும் முந்தைய நாள் மாலைக்குள் சொல்லியாக வேண்டும். போன் எடுக்கும் ஆட்களுக்கும் அலுவலக நேரம் இருக்கிறது. பல மாவட்டங்களில் ஞாயிறு, திங்கள் காலைப் பயணத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள்ளோ சனிக்கிழமைக்குள்ளோ சொல்ல வேண்டியிருக்கும்.

ஆப் இருந்தால் பேச்சே வேண்டாம். போன் மட்டும்தான் என்றால் பயப்பட வேண்டாம், இந்த வரிகளை எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள்:

"குட்டன் டாக். இஷ் மோஷ்டெ ஐனென் ரூஃப்புஸ் பெஷ்டெல்லென்." வணக்கம், ரூஃப்புஸ் புக் செய்ய வேண்டும்.

"ஃபோன்" (von, 'இங்கிருந்து') என்று சொல்லி ஏறும் ஸ்டாப், "நாஹ்" (nach, 'அங்கே') என்று சொல்லி இறங்கும் ஸ்டாப்.

"மோர்கென், உம் ஃபியர்ட்ஸேன் உஹ்ர் ட்ரைஸிஷ், ஃப்யூர் ஐனெ பெர்ஸோன்." நாளை 14.30 மணிக்கு, ஒரு ஆளுக்கு.

"நோஹ் ஐன்மால், லாங்ஸாம், பிட்டெ." இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லுங்கள்.

நேரத்தை எப்போதும் 24 மணிக் கணக்கில், எண்ணாகவே சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் "ஹால்ப் ட்ரை" என்று திருப்பிச் சொன்னால் அது இரண்டரை, மூன்றரை இல்லை. இந்த ஒன்றில் ஒரு மணி நேரம் குளிரில் நின்றவர்கள் நம் ஆட்களில் நிறைய.

ஸ்டாப்பின் பெயரையும் முழுதாகச் சொல்ல வேண்டும். ஒரே ஊரில் 'டோர்ஃப்மிட்டெ', 'கிர்ஷெ', 'அப்ஸ்வைக்' என்று மூன்று ஸ்டாப் இருக்கும். முதலாவது ஊர் நடுவில், இரண்டாவது சர்ச் வாசலில். மூன்றாவதில்தான் சூட்சுமம். அப்ஸ்வைக் என்றால் ஊருக்குப் பிரியும் சாலை மெயின் ரோட்டைத் தொடும் இடம். அங்கே இறங்கினால் ஊருக்குள் போக ஒன்றிரண்டு கிலோமீட்டர்கூட நடக்க வேண்டியிருக்கும், நடைபாதை இருக்காது, தெருவிளக்கும் இருக்காது.

குழந்தை வண்டி, பெரிய பெட்டி, சக்கர நாற்காலி இருந்தால் புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். குழந்தைக்கு சீட் வேண்டும் என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து, நாலைந்து பேராகக் கிளம்புகிறீர்கள் என்றால் ஓரிரு நாள் முன்பே சொல்வது நல்லது. வண்டியில் பெரும்பாலும் எட்டு சீட்தான் இருக்கும்.

6. ஸ்டாப்பில் நிற்கும்போது

பெரிய பஸ்ஸை எதிர்பார்க்காதீர்கள். வருவது வேனாக இருக்கும், சில நேரம் சாதாரண டாக்ஸியே வரும். முன் கண்ணாடியில் 'ரூஃப்புஸ்' என்று ஒரு அட்டை மட்டும் சாய்த்து வைத்திருப்பார்கள். மழை பெய்தால் அதுவும் தெரியாது. ஸ்டாப் பக்கம் மெதுவாக வரும் எந்த வண்டிக்கும் கையைக் காட்டுங்கள். ஜெர்மானியர்கள் கை காட்ட மாட்டார்கள், நாம் காட்டலாம், தப்பில்லை.

ஐந்து நிமிடம் முன்பே போய் நில்லுங்கள், டிரைவர் ரொம்ப நேரம் காத்திருக்க மாட்டார். சாலையின் எந்தப் பக்கம் என்று பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே பெயரில் ஸ்டாப் இருக்கும். ஆப் வகையில் ஸ்டாப்புக்குக் கம்பமே இல்லாமலும் இருக்கலாம். ஏதோ ஒரு வீட்டு வேலி ஓரம், ஒரு லெட்டர் பாக்ஸ் பக்கம் என்று மேப்பில் புள்ளி மட்டும் இருக்கும், அந்தப் புள்ளியிலேயே நில்லுங்கள். டிசம்பரில் நாலு, நாலரைக்கே இருட்டிவிடும். கருப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு விளக்கில்லாத ஸ்டாப்பில் நின்றால் டிரைவருக்கு உங்களைத் தெரியாது. மொபைல் டார்ச்சைத் தரையைப் பார்த்து எரியவிடுங்கள், அல்லது இரண்டு யூரோவுக்குக் கிடைக்கும் மின்னும் பட்டையைக் கையில் கட்டிக்கொள்ளுங்கள்.

7. திரும்பி வருவது

போகும் பயணத்தோடு வரும் பயணத்தையும் அதே போனில் புக் செய்துவிடுங்கள். "உண்ட் ட்ஸுருக்" (திரும்பி வரவும்) என்று சொல்லி நேரத்தைச் சொன்னால் போதும். போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், கடைசி வண்டிக்கான கெடு நீங்கள் கவனிப்பதற்குள் முடிந்திருக்கும். அங்கிருந்து டாக்ஸி பிடித்தால் 15 கிலோமீட்டருக்கு 40 யூரோகூட ஆகலாம்.

ரயிலில் வந்து ரூஃப்புஸ்ஸுக்கு மாறுகிறீர்கள் என்றால், ரயிலுக்கும் வண்டிக்கும் நடுவில் இருபது நிமிடமாவது விட்டுப் புக் செய்யுங்கள். ஜெர்மன் ரயில் நேரத்துக்கு வரும் என்று ஊரில் கேள்விப்பட்டதை எல்லாம் மறந்துவிடுங்கள். தாமதம் என்று ரயிலில் இருக்கும்போதே தெரிந்தால் உடனே புக்கிங் நம்பருக்குச் சொல்லுங்கள். சின்ன மாவட்டமாக இருந்தால் டிரைவருக்கே தகவல் போய்விடும், சில நேரம் நின்றுகூட ஏற்றிக்கொள்வார். எல்லா ஊரிலும் அப்படி நடக்காது.

8. அலுவலக அப்பாயிண்ட்மென்ட் நாள்

வீடு மாறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். விசாவை நீட்டிக்க வெளிநாட்டினர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அது பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில்தான் இருக்கும், நல்ல நேரமெல்லாம் காலை எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள். அப்பாயிண்ட்மென்ட் நேரத்தை எடுப்பதற்கு முன்பே டைம்டேபிளைப் பாருங்கள். நம்மில் பலர் கிடைத்த நேரத்தை எடுத்துவிட்டு அப்புறம் பஸ் தேடுகிறோம். காலை 8.00-க்கு எடுத்துவிட்டு முதல் ரூஃப்புஸ் 8.10-க்குத்தான் என்றால் என்ன செய்வது? 10.00, 10.30 எடுத்தால் முதல் வண்டி தவறினாலும் அடுத்ததற்கு இடம் இருக்கும்.

அப்படி ஒரு நாளைக்கு என் வரிசை இது: மூன்று நாள் முன்பே இரண்டு வழிக்கும் புக்கிங், முந்தைய மாலை ஆப்பில் உறுதியாகியிருக்கிறதா என்று ஒரு பார்வை, பாஸ்போர்ட்டும், நீங்கள் அங்கே குடியிருப்பதாக வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாளும் இரவே பைக்குள். சார்ஜரும் உள்ளே போக வேண்டும். டிக்கெட் மொபைலில் இருக்கிறது, மொபைல் அணைந்துபோனால் டிக்கெட் இல்லாத மாதிரிதான். பிறகு பஸ் நிறுவனத்தின் அலுவலகத்தில் காட்டிச் சரிசெய்யலாம் என்றாலும் அதற்கும் சுமார் 7 யூரோ வாங்குவார்கள்.

9. தினமும் வேலைக்குப் போகிறவர்கள்

தினம் தினம் புக் செய்துகொண்டிருக்க வேண்டாம். 'டவுவர்பெஷ்டெல்லுங்' என்று கேளுங்கள், திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே நேரத்துக்கு நிரந்தரமாகப் போட்டுக்கொள்வார்கள். எல்லா மாவட்டத்திலும் இல்லை, இருக்கும் இடத்தில் பெரிய நிம்மதி. ஷிப்ட் வேலை என்றால் ரோஸ்டர் வந்த அன்றே மாதத்துக்கும் சேர்த்து ஒரே போனில் சொல்லிவிடப் பாருங்கள். சில இடங்களில் ஒரு வாரத்துக்கு மேல் முன்பதிவு ஏற்க மாட்டார்கள்.

லீவு போட்டாலோ உடம்பு சரியில்லை என்றாலோ ரத்து செய்ய மறக்காதீர்கள். நீங்கள் ஒருவர் மட்டும் புக் செய்திருந்தால் அந்த வண்டி உங்களுக்காகவே பக்கத்து ஊரிலிருந்து காலியாக வரும். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் சில நிறுவனங்கள் பணம் கேட்கும், சில கணக்கையே முடக்கும். ரத்து செய்வதற்கும் கெடு உண்டு, பெரும்பாலும் புக்கிங்குக்கு உள்ள அதே கெடுதான்.